வீதியின் குறுக்குவெட்டும் வானத்துச் செய்மதியும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்வோர் கடுகண்ணாவையை அடையும்போது வீதியோரத்தில் உயர்ந்து நிற்கும் தூபி ஒன்றைக் காண்பர். கண்டி வீதியைத் திட்டமிட்டு அமைத்த கப்டன் டோசன் என்னும் பொறியியல் அதிகாரியின் நினைவாக 1832 ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது அத்தூபி. அதே வீதி வேலையில் 1820 ஆம் ஆண்டிலே, 16 வயதளவினரான தோமஸ் ஸ்கின்னர் என்னும் இளைஞர் ஒருவரும் அமர்த்தப்பட்டார். பிற்காலத்தில் இலங்கை வீதிகளின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்த அவர், தியோடலைற்று என்னும் கோணமானியைக் கையாளும் முறையைத் தாமே பயின்று, மலைநாட்டை அளந்து படம் வரைந்தவர். நில அளவைத் திணைக்களம் இந்நாட்டில் நிறுவப்பட்டது 1800 ஆம் ஆண்டிலாகும். ஆகவே, நிலத்தை அளந்தறிந்த பின்னரே வீதியை அமைத்தல் வேண்டும் என்னும் நெறி இங்கு இரு நூற்றாண்டு வயதுடையது.

அந்நெறி மாறவில்லை, கருவி மாறிவிட்டது. முன்னாளில் அளவையாளர் ஒருவர் வீதியளக்கப் புறப்பட்டால், சங்கிலி பிடிப்போர் இருவர், கொடி நாட்டுவோர், அளவுகோல் தாங்குவோர், பற்றை வெட்டுவோர் எனச் சிறு பரிவாரமே பின்தொடரும். இன்றோ, தலையில் தட்டுப்போன்ற அலைவாங்கி பொருத்திய கோலொன்றைக் கையிலேந்தி, அதன் நடுவே பூட்டிய சிறு கணினியைப் பார்த்தவாறு, தனியொருவராக வயலோரத்தில் அவர் நடந்து செல்கின்றார். சில அடி நடப்பார், கோலை நிமிர்த்துவார், விரலால் ஒரு பொத்தானைத் தொடுவார், மீண்டும் நடப்பார். வழிப்போக்கர் கண்ணுக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். ஆயின் அந்நடையினால் எழுதப்படும் கணக்கைப் பொறுத்தே ஓர் ஊரின் காணியும் வெள்ளமும் பொதுப்பணமும் அமைகின்றன.

அவர் அளப்பது வீதியின் குறுக்குவெட்டு. அதன் பொருளை அறிதற்கு ஓர் இறாத்தற் பாணை மனத்திற் கொள்ளுதல் போதும். பாணை நீளப்பாட்டிற் பார்த்தால் அதன் மேற்றோல் மட்டுமே தெரியும். துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே நோக்கினால், எவ்விடத்தில் அது உப்பியது, எவ்விடத்தில் அமுங்கியது என்பது புலனாகும். அவ்வாறே, வீதி செல்லவிருக்கும் நிலத்தை அதன் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக, இருபது மீற்றருக்கு ஒன்று என்ற முறையிலோ, வளைவுகளில் அதனினும் நெருக்கமாகவோ வெட்டிப் பார்ப்பதாகக் கருதுக. இடப்புற வேலி, வாய்க்காலின் கரை, வாய்க்காலின் அடி, வீதியின் விளிம்பு, நடுமேடு, மறுவிளிம்பு, வலப்புற வாய்க்கால், வலப்புற வேலி என்று நிலம் ஏறி இறங்கும் வடிவத்தை ஒரு தாளில் வரைந்தால் அதுவே குறுக்குவெட்டு ஆகும்.

இவ்வரைவு எதற்கு வேண்டும்? முதலாவது, மண் கணக்கிற்கு. பழைய நிலத்தின் வடிவத்தையும் அமையவிருக்கும் வீதியின் வடிவத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், எங்கே வெட்ட வேண்டும், எங்கே நிரப்ப வேண்டும் என்பது தெரியும். ஒரு வெட்டில் நிரப்பவேண்டிய பரப்பு 12 சதுர மீற்றர். அதற்கு 20 மீற்றர் அப்பாலுள்ள அடுத்த வெட்டில் 16 சதுர மீற்றர் எனின், இரண்டின் சராசரியாகிய 14 ஐ 20 ஆற் பெருக்க, 280 கன மீற்றர் மண் வேண்டும் என்று விடை வரும். கொந்தராத்துக்காரருக்குப் பணம் கொடுக்கப்படுவது இக்கணக்கின் பேரிலேயே. இரண்டாவது, காணிக் கணக்கிற்கு. கரை எவ்வளவு உயருமோ அவ்வளவுக்கு அதன் சரிவு வெளியே நீளும். சரிவு நீள நீள, அயற்காணி வீதிக்குட் போகும். ஓர் ஏக்கரில் 16 பரப்பு என்பதை யாழ்ப்பாணத்தார் அறிவர். ஒரு மீற்றர் அகலமான கீலம் ஏறத்தாழ 253 மீற்றர் தூரம் சென்றால் அது ஒரு பரப்புக் காணியாகிவிடும். 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின்படி அதற்கு நட்டஈடு உண்டு. எனினும், அளவு பிழைத்தால் நட்டஈடும் பிழைக்கும். மூன்றாவது, நீர்க் கணக்கிற்கு. மழைநீர் எப்பக்கத்திலிருந்து எப்பக்கம் செல்கிறது, மதகு எங்கே அமைய வேண்டும், அதன் அடி எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்பவற்றைச் சொல்வதும் இவ்வெட்டுகளே.

பழைய முறையில் இவ்வேலை நாட்கணக்கில் நீளும். நடுக்கோட்டில் முளையடித்துக்கொண்டே சங்கிலியால் தூரம் அளப்பர். 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உடைய அச்சங்கிலி பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்ட போதிலும், வீதியின் தொடக்கத்திலிருந்து ஓரிடம் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்னும் அளவை இன்றும் ‘செயினேஜ்’ என்றே தொழில் வல்லார் வழங்குவர். ஒவ்வொரு முளையிலும் செங்கோணம் பிடித்து, இருபக்கமும் நாடாவால் அளந்து, மட்டங்காண் கருவியால் உயரம் கண்டு, எல்லாவற்றையும் வெளிக்களப் புத்தகத்தில் எழுதிக்கொள்வர். மாலையில் அலுவலகம் சென்று கணக்கிட்டு வரைவர். பிழை தெரிந்தால் மறுநாளும் அதே வெயிலில் அதே இடத்திற்குச் செல்ல வேண்டும்.

புதிய முறையின் அடிப்படை வானத்தில் உள்ளது. ஐக்கிய அமெரிக்கா தனது இன்றைய இடங்காண் தொகுதியின் முதலாவது செய்மதியை 1978 ஆம் ஆண்டில் ஏவிற்று. அத்தொகுதி 1995 ஆம் ஆண்டில் முழுமையான சேவை நிலையை எய்தியது. இரசியா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றின் தொகுதிகளும் அதனோடு சேர்ந்துள்ளன. அமெரிக்கச் செய்மதிகள் நிலத்திலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் உலகைச் சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் அந்நேரத்தையும் வானொலி அலையில் இடையறாது அறிவித்துக்கொண்டிருக்கும். நேயரின் இல்லத்து வானொலிப் பெட்டியை அடையும் அலையும் இந்த அலையும் ஓரினத்தவையே. அலை புறப்பட்ட நேரத்துக்கும் வந்தடைந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு, செய்மதி எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதை வாங்கி கணிக்கின்றது. நான்கு செய்மதிகள் ஒருங்கே தோன்றினால், மூன்று திசையளவுகளையும் வாங்கியின் மணிக்கூட்டுப் பிழையையும் தீர்த்து, நிற்கும் இடத்தைச் சொல்லிவிடலாம்.

ஆனால் அலை மிக விரைவானது. ஒரு செக்கனை நூறு கோடிக் கூறாக்கி, அதில் ஒரு கூறு பிழைத்தாலும் தூரத்தில் 30 சென்ரிமீற்றர் பிழைத்துவிடும். வளிமண்டலமும் அலையைத் தாமதிக்கச் செய்யும். ஆதலினாற்றான் கைத்தொலைபேசி காட்டும் இடம் சில மீற்றர் முன்பின்னாக இருக்கின்றது. வழி தேடுவோனுக்கு அது போதும். வாய்க்கால் அளப்போனுக்குப் போதாது. இக்குறையைத் தீர்க்க அளவையாளர் இரண்டு வாங்கிகளைப் பயன்படுத்துவர். ஒன்று, இடம் ஏற்கெனவே துல்லியமாக அறியப்பட்ட ஒரு கல்லின்மேல் அசையாது நிற்கும். மற்றையது கோலின் உச்சியில் நடமாடும். நிலைத்து நிற்கும் வாங்கி, வானம் தனக்குச் சொல்லும் இடத்தையும் தன் உண்மையான இடத்தையும் ஒப்பிட்டுத் திருத்தம் கண்டு, அதனை உடனுக்குடன் நடமாடும் வாங்கிக்கு அனுப்பும். அயலிலுள்ள இரண்டுக்கும் வளிமண்டலப் பிழை ஏறத்தாழ ஒன்றாகையால் அது பெரும்பாலும் நீங்கிவிடும். அதன்மேல், 19 சென்ரிமீற்றர் அளவு நீளமுள்ள அலையின் சிறு கூற்றையும் இக்கருவிகள் அளக்கவல்லன. எனவே திறந்த வெளியில், கிடைத்திசையில் ஓரிரு சென்ரிமீற்றரளவும், உயரத்தில் அதனினும் சற்றே கூடுதலாகவும் மட்டுமே பிழை எஞ்சும். செய்மதிகள் யாவும் தலைக்கு மேலேயன்றிக் காலுக்குக் கீழே இல்லாமையால், உயரம் எப்போதும் சற்று வலுக்குறைந்த அளவாகவே இருக்கும். இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

இனி மென்பொருளின் பணி. வீதியின் நடுக்கோடு அலுவலகத்திலேயே கணினியில் ஏற்றப்படும். எந்த வீதியும் நேர்கோடுகளும், வட்ட விற்களும், அவை இரண்டையும் மெல்ல இணைக்கும் இடைமாற்று வளைவுகளும் சேர்ந்த ஒரு தொடரேயாகும். அத்தொடரை மென்பொருள் அறிந்துகொண்டபின், அளவையாளர் எங்கே கோலை ஊன்றினாலும், தொடக்கத்திலிருந்து 1,240 மீற்றர், நடுக்கோட்டிற்கு இடப்புறம் 6.35 மீற்றர், உயரம் 18.42 மீற்றர் என்று உடனே சொல்லும். 1,240 ஆவது மீற்றரின் குறுக்குவெட்டு வேண்டும் என்று பணித்தால், திரையில் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு தோன்றும். அளவையாளர் கோட்டைவிட்டு விலகினால், இன்னும் எட்டுச் சென்ரிமீற்றர் முன்னே செல்க என்று வழிகாட்டும். குறித்த எல்லைக்கு மேல் விலகிய புள்ளியை அவ்வெட்டிற் சேர்க்க மறுக்கும். வளைவுகளில் இவ்வுதவி பெரிது. வளைவின் ஒவ்வோரிடத்திலும் செங்குத்துத் திசை மாறிக்கொண்டே போகும். கண்மதிப்பிற் கோணம் பிடித்தால், வளைவின் உட்புறத்தில் ஒரு வெட்டு மற்றொன்றின் இடத்திற் புகுந்துவிடும். கணினி அவ்வாறு புகவிடாது. மாலையில் வரைவதற்காக உட்கார வேண்டியதில்லை; வயலில் நிற்கும்போதே குறுக்குவெட்டு திரையில் உருவாகிவிடும்.

இத்தனை வசதி இருக்கும்போது பிழைக்கு இடமேது என்று கேட்கலாம். இடமுண்டு. இப்பிழைகள் பழைய பிழைகளைப்போல் முகத்தைக் காட்டுவனவல்ல. அழகிய வரைவுக்குள் ஒளிந்திருப்பன.

முதலாவது, உயரத்தின் அடிப்படை. செய்மதி அறிவது கடல்மட்டத்தையன்று. உலகின் வடிவத்தை ஒத்ததாகக் கணிதத்தால் அமைக்கப்பட்ட, வழுவழுப்பான ஒரு நீள்கோளப் பரப்பையே அது அறியும். கடலோ கணிதத்தைப் பின்பற்றுவதில்லை, புவியீர்ப்பைப் பின்பற்றுகின்றது. ஈர்ப்பு குறைந்த இடத்திற் கடற்பரப்பு தாழும். உலகிலேயே அது மிகத் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் உள்ளது. அங்கே அக்கணிதப் பரப்பைவிட ஏறத்தாழ 106 மீற்றர் கீழே கடல் கிடக்கின்றது. இலங்கையும் அத்தாழ்வின் அயலிலேயே இருப்பதால், காலிமுகத்திடலில் நிற்கும் ஒருவரது வாங்கி, திருத்தமின்றி விடப்பட்டால், அவர் பூச்சியத்துக்கு நூறு மீற்றரளவு கீழே நிற்பதாகக் காட்டும். நூறு மீற்றர்ப் பிழையை எவரும் கண்டுகொள்வர். அபாயம் அதிலன்று. உலகப் பொதுவான திருத்த அட்டவணையைப் போட்டுவிட்டு, இந்நாட்டு மட்டக்கற்களோடு ஒப்பிடாமல் விடுவதால் எஞ்சும் சில பத்துச் சென்ரிமீற்றர்களிலேயே அபாயம் உள்ளது. அவை கண்ணுக்குத் தோன்றா, தண்ணீருக்குத் தோன்றும்.

இரண்டாவது, ஆயத்தொலைகளின் அடிப்படை. இலங்கையில் இரண்டு ஒழுங்குகள் வழங்குகின்றன. கந்தவளை என்னும் பழைய ஒழுங்கும், 1999 ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கிய புதிய ஒழுங்கும் பீதுருதலாகலை மலையுச்சியையே தொடக்கமாகக் கொண்டவை. ஆயினும் பழையதில் அவ்வுச்சிக்கு 200,000 மீற்றர் என்றும், புதியதில் 500,000 மீற்றர் என்றும் இலக்கம் தரப்பட்டுள்ளது. ஒன்றில் வரைந்த வீதியை மற்றதில் அளக்கப் போனால் வீதி கடலுக்குட் சென்றுவிடும். அதுவும் உடனே தெரிந்துவிடும் பிழையே. ஆனால் ஒழுங்கைச் சரியாகத் தெரிந்துவிட்டு, செய்மதி அளவை அதற்கு மாற்றும் எண்களை மட்டும் தவறாக இட்டால், வீதி சிறிதளவே நகரும். அச்சிறிதளவு நகர்ச்சியினால் ஒருவரின் வேலி மற்றொருவரின் வேலியாகத் தோன்றக்கூடும்.

மூன்றாவது, கோலின் உயரம். இரண்டு மீற்றர்க் கோலை 1.80 மீற்றர் என்று கணினியில் இட்டுவிட்டால், அன்றைய நாள் அளந்த புள்ளிகள் அனைத்தும் 20 சென்ரிமீற்றர் உயர்ந்துவிடும். எல்லாம் ஒருசேர உயர்வதால் வெட்டின் வடிவம் மாறாது. வரைவைப் பார்ப்பவர் ஐயுறக் காரணமும் இராது. பனந்தோப்பிலோ அடர்ந்த மரநிழலிலோ செய்மதி அலை மறைக்கப்படும்போது, கருவி உறுதியான விடையைவிட்டு உத்தேச விடைக்கு இறங்கும். தகரக் கூரையிலும் சுவரிலும் பட்டுத் தெறித்த அலையை நேரலையென ஏமாந்து கொள்வதும் உண்டு. இவற்றையெல்லாம் பிடிப்பதற்கு வழி ஒன்றே: காலையில் வேலை தொடங்கும்போதும் மாலையில் முடிக்கும்போதும், உயரமும் இடமும் அறிந்த ஒரு கல்லிற் கோலை ஊன்றிப் பார்த்தல். பத்து நிமிட வேலை அது. மதகு, பாலம் போன்ற இடங்களில் பழைய மட்டங்காண் கருவியையும் ஒருமுறை நிறுத்திச் சரிபார்ப்பவர் அறிவாளர்.

இச்சிறு அளவுகளின் பெறுமதியை ஒரு கணக்காற் காணலாம். பத்து மீற்றர் அகலமான வீதியில், ஒரு கிலோமீற்றர் தூரத்திற்கு, உயரம் ஐந்து சென்ரிமீற்றர் மட்டும் பிழைத்தது எனக் கொள்க. அது 500 கன மீற்றர். கிரவல் விற்போரின் வழக்கிற் சொன்னால் ஏறத்தாழ 177 கியூப். வராத கிரவலுக்குப் பொதுப்பணம் போகலாம். அல்லது வந்த கிரவலுக்கு உழைத்தவன் கூலி இழக்கலாம். ஐந்து சென்ரிமீற்றர் என்பது ஒரு தீப்பெட்டியின் நீளமளவே.

எல்லாவற்றிலும் பெரிய பிழை ஒன்று எஞ்சியுள்ளது. அது கருவியின் பிழையன்று. கோல் ஊன்றப்பட்ட இடத்தையே மென்பொருள் அறியும். இரண்டு புள்ளிகளுக்கு இடையே அது நேர்கோடு இழுத்துவிடும். இடையிலே வாய்க்கால் இருந்தாலும் கிணறு இருந்தாலும், அங்கே கோல் ஊன்றப்படாவிடின் அவை இல்லாதனவே ஆகும். இருபது மீற்றர் முறையும் அவ்வாறே. இரண்டு வெட்டுகளுக்கு இடையில் இருப்பது அவ்விரண்டையும் போன்றதே என்று கணக்கு நம்புகின்றது. நிலம் அந்நம்பிக்கையைக் காப்பாற்றக் கடமைப்பட்டதன்று.

வன்னியில் ஒரு குளத்தின் கீழே வீதி அளக்கும் காட்சியைக் கற்பித்துக் காண்க. ஆடி மாதக் கோடை. நிலம் வெடித்துக் கிடக்கின்றது. இளம் அளவையாளர் 1,240 ஆவது மீற்றர் வெட்டை முடித்து, 1,260 ஐ நோக்கி நடக்கின்றார். வேலியோரத்தில் நின்ற முதியவள் ஒருத்தி கேட்கின்றாள்.

“தம்பி, இந்த வாய்க்காலை அளக்கவில்லையோ?”

“எந்த வாய்க்கால், ஆச்சி? இங்கே புல்லல்லவா நிற்கிறது?”

“இப்போது புல்லுத்தான். மார்கழியிற் குளம் வான் பாய்ந்தால் தண்ணீர் முழுவதும் இதாலேதான் போகும். அந்தக் கிணற்றுக்கட்டிற் கறையைப் பாருங்கள், அவ்வளவுக்கு ஏறும்.”

இளைஞர் திரும்பி நடக்கின்றார். புல்லை விலக்கிப் பார்க்க, முழங்கால் ஆழத்திற் பள்ளம் தெரிகின்றது. அதன் தூரம் 1,251 மீற்றர். இரு வெட்டுகளிலும் அகப்படாத இடம். அங்கே புதிதாக ஒரு குறுக்குவெட்டை அவர் எடுக்கின்றார். கரை, அடி, மறுகரை என ஊன்றி, பின்னர்க் கிணற்றுக்கட்டின் கறையிலும் கோலை வைத்து உயரத்தைப் பதிகின்றார். இதற்குச் சென்ற நேரம் கால் மணி. அவள் கேளாதிருந்தால், அல்லது அவர் செவிசாயாதிருந்தால், வரைவில் அந்த வாய்க்கால் இராது. வாய்க்கால் இல்லாத இடத்திற் பொறியியலாளர் மதகு வைக்கமாட்டார். உயர்த்தப்பட்ட வீதி, மார்கழியிற் குளக்கட்டாக மாறி நீரை மறிக்கும். நீர் அவளது வீட்டுக்குட் புகும். பிழை எங்கே நேர்ந்தது என்று பின்னர்த் தேடினால், செய்மதியிலும் பிழை இராது, மென்பொருளிலும் பிழை இராது. எல்லா எண்களும் சென்ரிமீற்றர் சுத்தமாகவே இருக்கும்.

புதிய கருவி அளவையாளரின் உழைப்பிற் பெரும்பகுதியைக் குறைத்தது உண்மை. சங்கிலி இழுத்த நேரமும் கணக்குப் போட்ட நேரமும் மிஞ்சியுள்ளன. அந்நேரத்தை மேலும் விரைவாக நடப்பதற்குச் செலவிடுவதா, நின்று நிலத்தைப் பார்ப்பதற்குச் செலவிடுவதா என்பதிலேயே அளவையின் தரம் தங்கியிருக்கின்றது. ஊரவருக்கும் இதிற் பங்குண்டு. கோலேந்திய ஒருவர் தம் ஊர் வீதியில் நடப்பதைக் காணும் நேயர், வேலிக்குள் நின்று பார்த்துக்கொண்டிராமல், மாரியில் நீர் ஓடும் வழியையும், அது ஏறிய மட்டத்தையும், கோடையில் மறைந்துபோகும் வாய்க்காலையும் அவருக்குக் காட்டிவிடுதல் நன்று. இருபதாயிரம் கிலோமீற்றருக்கு மேலே சுற்றும் செய்மதிக்கு அவை தெரியா. அவ்வூரிற் பல மாரி கண்டவருக்கே தெரியும்.